சங்கத்துக் கொப்பியும் இரண்டு பட்டங்களும்

2025 தைப்பொங்கலுக்கு மறுநாள், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மரண உதவிச் சங்கக் கொப்பி என் வீட்டு மேசைக்கு வந்தது. பழைய சீ.ஆர். கொப்பி. மூலைகள் மடங்கி, மேலட்டையில் மஞ்சள் வைத்த பிள்ளையார் சுழி மங்கிப்போயிருந்தது. சங்கத்தில் 120 வீடுகள். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டிக்கும் பந்தலுக்கும் வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் 20,000 ரூபாய் உடனே கையில் கொடுத்துவிட வேண்டும். சங்கத்துக்கு அது ஒன்றுதான் விதி.

கொப்பியைக் கொண்டுவந்தவர் சங்கத்தின் செயலாளர். என்னிடம் உயர்தரம் படித்த மாணவி ஒருத்தியின் தகப்பன். "போன வருசம் ஒம்பது சாவு சேர். கடைசி ரெண்டு வீட்டுக்குக் குடுக்கக் காசு இல்ல. நான் எடுத்துட்டேன்னு லயத்துல பேசிக்கிறாங்க" என்றார். குரல் அடைத்துக்கொண்டது. மகள் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். அவள் பேராதனையில் கணிதச் சிறப்புப் பட்டம் படிக்கிறாள். என்னைப் பார்க்க வந்த இன்னொரு பழைய மாணவனும் அப்போது வீட்டில் இருந்தான். ஹாலிஎலப் பக்கத்துப் பையன். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கைத்தொழிற் புள்ளிவிவரவியலும் கணித நிதியியலும் படித்துக்கொண்டே, ஆக்சுவரி ஆவதற்கான பிரித்தானியப் பரீட்சைகளையும் ஒவ்வொன்றாக எழுதி வருகிறவன்.

கொப்பியை அவர்கள் கையில் கொடுத்தேன். இருபது வருடமாக இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வருகிற வாரத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அன்றுதான் எனக்குத் தெளிவான விடை கிடைத்தது. "சேர், மெத்ஸ் செய்யவா, ஆக்சுவரியல் செய்யவா?" என்பதுதான் அந்தக் கேள்வி. முன்பெல்லாம் பதுளை மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஆக்சுவரி என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது கைப்பேசியில் சம்பள விபரம் வரைக்கும் பார்த்துவிட்டு வருகிறார்கள். எந்தக் கடனை எப்போது, எவ்வளவு கொடுக்க நேரும் என்று யாருக்கும் தெரியாதோ, அந்தக் கடனுக்கு இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று கணித்து, அதன் கீழ்க் கையெழுத்துப் போடுகிறவர் ஆக்சுவரி. அந்தப் படிப்பைக் காப்புறுதிக் கணிப்பியல் என்று தமிழில் எழுதுகிறோம்.

பையன் முதலில் கொப்பியைப் புரட்டினான். போன வருடத்துக்கு முந்திய நான்கு வருடச் சாவுகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினான்: 4, 6, 3, 7. கூட்டினால் 20, இடை 5. வருடச் சந்தா 1,44,000 ரூபாய். அதை வைத்து ஏழு சாவுக்குக் கொடுக்கலாம், எட்டாவதுக்குப் போதாது. பிறகு கைப்பேசியில் ஏதோ தட்டினான். அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நிகழ்பவற்றை எண்ணுவதற்குப் புவாசான் பரம்பல் என்று ஒன்று இருக்கிறது. இடை 5 என்றால், ஒரு வருடத்தில் எட்டோ அதற்கு மேலோ வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 13 சதவீதம். "ஏழெட்டு வருசத்துக்கு ஒருக்கா இப்படி வரத்தான் செய்யும் அண்ணே. இதுல யாரும் எடுக்கத் தேவையே இல்ல. மத்த வருசத்துல மிஞ்சின காசு எங்க போச்சு?" என்று செயலாளரைக் கேட்டான். மிஞ்சியது ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தது. சங்கக் கூட்டத்திலேயே எல்லோரும் கைதூக்கி எடுத்த தீர்மானம், கொப்பியிலும் எழுதியிருந்தது. சராசரியான வருடத்தில் மிஞ்சுகிற 44,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருந்தால், ஒன்பது சாவு வந்த வருடத்தின் 36,000 ரூபாய்த் துண்டு விழுந்திருக்காது. செயலாளர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மகள் மட்டும் இன்னும் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசத்தை வச்சு அஞ்சுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?" என்றாள். உண்மையான இடை 5 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். நான்கே நான்கு எண்கள் இரண்டையும் மறுக்கப் போதாது. 7 என்று வைத்தால் எட்டோ மேலோ வருவதற்கான நிகழ்தகவு 13இலிருந்து 40 சதவீதத்துக்கு ஏறிவிடும். அப்படியானால் திருவிழாக் காசைத் தொடாமல் விட்டிருந்தாலும் சங்கம் நிலைக்காது, சந்தாவே போதாது என்று அர்த்தம். தகப்பன் மேல் விழுந்த பழியைத் துடைத்த கணக்கு அது. அந்தக் கணக்கையே அவள் நிறுத்திக் கேட்டாள். அவளுக்குக் கணிதம் பழக்கியிருந்த நேர்மை அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பையன் தடுமாறவில்லை. அவன் துறைக்கு இந்தக் கேள்வி பழையது. சொந்தத் தரவு கொஞ்சமாக இருக்கும்போது, வெளியிலிருக்கிற பெரிய தரவோடு அதைக் கலந்துகொள்ள வேண்டும். நம் தோட்டத்தின் இடைக்கு ஒரு நிறை, மாவட்டத்தின் இறப்பு வீதத்துக்கு மீதி நிறை. நம் தரவு பெருகப் பெருக நம் பக்கத்து நிறை கூடும். இதற்கு நம்பகக் கோட்பாடு என்று பெயர். 1918இல் அமெரிக்கரான ஆல்பர்ட் விட்னி இதற்கு வடிவம் கொடுத்தார், 1967இல் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் பூல்மன் அதற்கு உறுதியான கணித அடித்தளம் போட்டார். ஆக்சுவரிகள் தங்கள் தேவைக்காகத் தாங்களே கண்டெடுத்த கோட்பாடு இது. கணிதத் துறையிலிருந்து கடன் வாங்கி வாழ்கிற படிப்பு என்று காப்புறுதிக் கணிப்பியலைக் குறைத்துப் பேசுவோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் துறை பிறந்ததே ஏறக்குறைய இப்படியொரு கொப்பியில்தான். 1693இல் எட்மண்ட் ஹாலி பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளிலிருந்து ஆயுள் அட்டவணை ஒன்றைக் கட்டினார். வால்வெள்ளிக்குப் பெயர் தந்த அதே ஹாலி. 1744இல் ஸ்கொட்லாந்தில் ரொபர்ட் வொலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு பாதிரிமார், இறந்துபோகும் பாதிரிமாரின் மனைவி மக்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை விதவைகள் எத்தனை காலம் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்தார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவர் எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் கொலின் மக்லோரின். உயர்தரம் தாண்டிய பிள்ளைகள் மக்லோரின் தொடர் என்று படிப்பது இவர் பெயரைத்தான். இன்று நாம் எதிரெதிரே வைத்துப் பேசுகிற இரண்டு துறைகளும் அன்று ஒரே மேசையில் இருந்தன.

இப்போதும் முதலாம் ஆண்டில் பெரிய வேறுபாடு கிடையாது. வகையீடு, தொகையீடு, நேர்கோட்டு அட்சரகணிதம், நிகழ்தகவு எல்லாம் இருவருக்கும் பொது. பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பெருக்கல் தொடர் ஒன்றே போதும். சாதாரண தரப் பிள்ளைக்கும் அது தெரியும். கணித வகுப்பில், முடிவில்லாத அந்தத் தொடர் ஒருங்குகிறதா என்று கேட்கிறார்கள். 'நெருங்கி நெருங்கிப் போகிறது' என்ற வாய்ச்சொல்லை ஏற்க மாட்டார்கள். எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும் அதற்குள் வந்துவிடுகிறது என்று நிறுவ வேண்டும். அந்த நிறுவலிலிருந்து அடுக்குத் தொடர்களுக்கும், அங்கிருந்து சிக்கலெண் பகுப்பாய்வுக்கும் படி ஏறுகிறது. வெளியுலகத்தில் அதனால் என்ன பயன் என்று வருடக் கணக்கில் யாரும் கேட்பதில்லை. பேராதனையில் இரண்டாம் வருடத்தில் அவள் எனக்கு எழுதிய குறுஞ்செய்தி நினைவிருக்கிறது. ஒரு தேற்றத்தின் நிறுவலோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, நான்காம் நாள் விடியற்காலை விளங்கியபோது விடுதி வராந்தாவில் தனியாக நின்று அழுதாளாம்.

ஆக்சுவரியல் வகுப்பில் அதே தொடரின் பெயர் ஆண்டுத் தொகை. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் என்றென்றும் கொடுக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவு வைத்தால் போதும்? வட்டி 8 சதவீதம் என்றால் 12,50,000. வட்டி 20 சதவீதம் என்றால் வெறும் 5,00,000. தொடர் ஒருங்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வட்டி என்பதுதான் கேள்வி. 2022இல் நம் நாட்டில் இந்தப் பாடம் புத்தகத்தை விட்டு வீதிக்கு வந்தது. மத்திய வங்கி ஏப்ரல் மாதம் ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. கொழும்பின் பணவீக்கம் செப்டெம்பரில் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த வருடக் கடைசியில் ஓர் ஓய்வூதிய நிதியை மதிப்பிடும் ஆக்சுவரி, அடுத்த இருபது வருடத்துக்கு ஒரு வட்டி வீதத்தைத் தெரிவுசெய்தே ஆக வேண்டும். 'தெரியாது' என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆயுள் காப்புறுதிக் கம்பனிகளும் ஆக்சுவரியின் மதிப்பீடு இல்லாமல் கணக்கை முடிக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின் ஒழுங்கு அது.

இரண்டு படிப்பும் பிள்ளைகளின் மனதை இரண்டு விதமாகப் பழக்குகின்றன. நிறுவ முடியாததைச் சொல்லாதே என்கிறது கணிதம். நிறுவ முடியாத இடத்திலும் நியாயமான ஓர் எண்ணைச் சொல், ஏன் அந்த எண் என்பதற்குக் காரணம் எழுது, பிழைத்தால் பொறுப்பை ஏற்றுக்கொள் என்கிறது மற்றது. பாடத்திட்டம், பரீட்சை, வேலை, சம்பளம் எல்லாம் இதற்குப் பின்னால் வருகிறவை. இரண்டும் நல்ல பழக்கம்தான். எதை முதலில் பழகுவது என்பதில்தான் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்லுமுன் அன்று மாலை நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

செயலாளர் போன பிறகு பேச்சு பணிக்கொடை பக்கம் திரும்பியது. மாணவியின் அம்மாயி முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலைசெய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் பதினான்கு நாள் சம்பளம் சேரும், கடைசியாக வாங்கிய நாட்சம்பள வீதத்தில். முப்பத்தைந்து வருடம் என்றால் 490 நாள். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயாக இருந்தபோது ஓய்வுபெற்றவருக்கு 3,43,000. 2024இல் 1,350 ரூபாயானபோது ஓய்வுபெற்றவருக்கு 6,61,500. தோட்டக் கம்பனிகளின் பேரேட்டில் இது பெரிய கடன். பிரட்டுக் களத்தில் இன்றைக்குப் பேர் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் எதிர்காலத்தில் கொடுக்க வேண்டியதை இன்றைய பெறுமதியில் மதிப்பிட்டு ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்த மதிப்பீட்டைச் செய்வது ஆக்சுவரிகள். துரைமார் பங்களாவிலிருந்து லயத்துக் காம்பரா வரை எல்லோருடைய பெயருக்கும் அந்தத் தொகையில் பங்கு உண்டு. நாட்சம்பளப் பதிவான செக்ரோலைப் பற்றிப் பேசாத நாளில்லை நம் சனத்துக்கு. இந்தக் கணக்கைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசியதில்லை.

பையன் கைப்பேசியில் ஒரு தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, எடுகோள்கள் இருக்கிற குறிப்பைக் காட்டினான். எதிர்காலத் தொகையை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கிற கழிவு வீதம், சம்பள உயர்வு வீதம், ஓய்வு வயது, வேலையை விட்டு விலகுவோர் வீதம். கடைசியில் இறப்பு அட்டவணை: ஏ 1967/70, லண்டன் ஆக்சுவரிகள் நிறுவகம் வெளியிட்டது. இலங்கையில் பல கம்பனிகளின் அறிக்கைகளில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். 1967 முதல் 1970 வரை பிரித்தானியாவில் ஆயுள் காப்புறுதி எடுத்திருந்த ஆண்களின் இறப்பு அனுபவத்தில் கட்டிய அட்டவணை அது.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த டேபிள்ல எங்க அம்மாயி எங்க இருக்காங்க?" என்றாள்.

நானும் கொதித்துப்போனேன். பனியிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்த பெண்ணின் ஆயுளுக்கு லண்டனில் பத்திரம் வாங்கிய ஆணின் ஆயுள் அளவுகோலா? பையன் நிதானமாகச் சொன்ன பதில்தான் எனக்கு அவன் படிப்பின் மதிப்பை விளங்க வைத்தது. பணிக்கொடை, தொழிலாளி இறந்தாலும் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். ஆகவே இறப்பு அட்டவணை பிழைத்தால் காசு கொடுக்கிற காலம் கொஞ்சம் முன்பின்னாகும், தொகை பெரிதாக மாறாது. தொகையை ஆட்டிவைப்பது சம்பள உயர்வு வீதம். அதையும் போட்டுக் காட்டினான். இருபது வருடம் வேலை செய்து இன்னும் பதினைந்து வருடம் இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இதுவரை சேர்ந்தது 280 நாள், 1,350 ரூபாய்ப்படி 3,78,000. கழிவு வீதம் 12 சதவீதம், சம்பளம் ஆண்டுக்கு 8 சதவீதம் உயரும் என்று வைத்தால், இன்றைய பெறுமதி சுமார் 2,19,000. சம்பள உயர்வை 10 சதவீதம் ஆக்கினால் 2,88,000. இரண்டே புள்ளியில் கடன் மூன்றிலொரு பங்களவுக்குக் கூடிவிடுகிறது. அடிப்படைச் சம்பளம் 2016இல் 500 ரூபாய், 2024இல் 1,350. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 13 சதவீதம். அதுவும் ஆண்டுதோறும் ஏறுவதில்லை. போராட்டம், கூட்டு ஒப்பந்தம், சம்பள நிர்ணய சபை, வழக்கு என்று சில வருடம் படுத்துக் கிடந்து, பிறகு ஒரேயடியாக எழும்புகிறது. "கோபப்படணும்னா இந்த வரியப் பார்த்துக் கோபப்படுங்க சேர்" என்றான்.

கணிதம் மட்டும் படித்திருந்தால் பிழையான எடுகோள் எதுவானாலும் ஒரே அளவுக்குக் கண்ணை உறுத்தும். எந்தப் பிழை எவ்வளவு தூரம் விடையை நகர்த்துகிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பது ஆக்சுவரியின் படிப்பு. அன்று எனக்கும் அவளுக்கும் அந்தப் பாடத்தை அவன் எடுத்தான். ஆனால் அவளுடைய கேள்வி அதனால் செல்லாமல் போகவில்லை. பணிக்கொடையில் இறப்பு அட்டவணைக்கு வேலை குறைவு. ஆயுள் காப்புறுதியிலும் வாழ்நாள் ஓய்வூதியத்திலும் தொகையைத் தீர்மானிப்பதே அதுதான். மலையகத் தொழிலாளருக்கு என்றைக்காவது ஒரு முறையான ஓய்வூதியம் வந்தால், அன்று அந்த அட்டவணையில் அம்மாயி எங்கே என்று கேட்கத்தான் வேண்டும்.

அவளுடைய இன்னொரு சந்தேகமும் அப்படித்தான். புவாசான் பரம்பல் சாரா நிகழ்ச்சிகளுக்கு உரியது என்று முன்னே சொன்னேன். லயம் ஒரே கூரை. பத்துக் காம்பராவுக்கும் ஒரே மண். "ஒரு வீட்டுச் சாவு மத்த வீட்டைச் சாராதுன்னு மீரியபெத்தையில சொல்ல முடியுமா?" என்று அவள் கேட்டபோது மேசையைச் சுற்றி இருந்த எங்களுக்குப் பேச்சு வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்கடியில் போன நாளில் இவர்கள் இருவரும் சிறு பிள்ளைகள். ஒன்றோடொன்று சேர்ந்து வரும் இழப்புகளை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஆக்சுவரியலின் மேல்வகுப்பில் பாடங்கள் உண்டு. பேரிடர் மாதிரிகள், மீள்காப்புறுதி, ஒரு பிரதேசத்தின் இடரை வேறு பிரதேசங்களோடு பகிர்வது எல்லாம் அதற்குள் வரும். எங்கள் சங்கத்துக்கு அதன் பொருள் இதுதான்: ஒரே மலையில் இருக்கிற 120 வீடுகள் மட்டும் சேர்ந்த சங்கம் ஒரு மண்சரிவைத் தாங்காது. நமுனுகுலையில், மடுல்சீமையில், ஹப்புத்தளையில் இருக்கிற சங்கங்களோடு கைகோர்த்தால்தான் தாங்கும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி வந்து பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தபோது, அவள் கேட்ட கேள்வி இரவெல்லாம் என் காதில் இருந்தது.

இனி, பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிற காரியத்துக்கு வருகிறேன்.

கணிதமோ பௌதிக விஞ்ஞானமோ படிக்க அரச பல்கலைக்கழகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் உண்டு. ஆகவே கொழும்புப் பிள்ளைக்கு இடம் தராத இசட் புள்ளியில், இந்த இரண்டு மாவட்டங்களும் அடங்கிய ஊவா மாகாணத்துப் பிள்ளைக்கு இடம் கிடைக்கக்கூடும். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. ஆனால் கணிதத்தையோ காப்புறுதிக் கணிப்பியலையோ தேடுகிற பிள்ளை மலையிறங்கித்தான் ஆக வேண்டும். ஆக்சுவரியலுக்கு மிக நெருங்கிய அரச பட்டங்கள் கொழும்பிலும் ருகுணையிலும் இருக்கின்றன. கொழும்பில் கைத்தொழிற் புள்ளிவிவரவியலும் கணித நிதியியலும், ருகுணையில் நிதிக் கணிதமும் கைத்தொழிற் புள்ளிவிவரவியலும். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவர்கள் விண்ணப்பத்தில் இவற்றை எங்கே வைப்பது என்று யோசிக்காமலே படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஆக்சுவரியல் என்றே பெயர் தாங்கிய பட்டம் வேண்டுமென்றால் பெரும்பாலும் கட்டணம் கட்டிக் கொழும்பில் தனியாரிடமோ, வெளிநாட்டிலோ படிக்க வேண்டிவரும். ஸ்கொட்லாந்தின் ஹெரியட் வட் பல்கலைக்கழகம் மலேசியாவில் நடத்தும் வளாகத்துக்கும் நம் நாட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். தோட்டத்து நாட்சம்பளத்தில் வாழ்கிற வீட்டுக்கு அது எட்டாத தூரம்.

பட்டம் முடிந்தால் ஆக்சுவரி ஆகிவிடலாம் என்று நினைப்பது பெரும் பிழை. தகுதி தருவது பட்டம் அல்ல, தொழில் நிறுவகத்தின் பரீட்சைகள். பிரித்தானியாவின் ஆக்சுவரிகள் நிறுவகமும் பீடமும் 2019இல் சீரமைத்த பாடத்திட்டத்தில் ஏழு அடிப்படைப் பாடங்கள், மூன்று நடைமுறைப் பாடங்கள், அதற்கு மேல் மூன்று சிறப்புப் பாடங்கள். அங்கீகாரம் பெற்ற பட்டம் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றிலிருந்து விலக்குத் தரும். மீதியை வேலை பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். பரீட்சைக் கட்டணம் பவுணில். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு, விண்ணப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய சுவர் ஆங்கிலம். கணித நிறுவலில் சொல் குறைவு, குறியீடு அதிகம். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை ஒரு வருடத்தில் பழகிவிடும். ஆக்சுவரிப் பரீட்சையின் மேற்பாடங்களில், கம்பனி இயக்குநருக்கு இந்த இடரை இரண்டு பக்கத்தில் விளக்கு என்று கேட்பார்கள். கணக்கில் முழுப் புள்ளி வாங்குகிற பையன் அந்த இரண்டு பக்கத்துக்கு இரவில் தூங்காமல் ஆங்கிலம் எழுதிப் பழகுகிறான்.

வேலையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஆக்சுவரிக்குக் கொழும்பில் காப்புறுதிக் கம்பனி, ஆலோசனை நிறுவனம், அதன் பிறகு லண்டன், சிங்கப்பூர். கணிதப் பட்டதாரிக்கு ஆசிரியத் தொழில், வங்கி, மென்பொருள், ஆராய்ச்சி. ஆசிரியத் தொழிலைச் சொன்னதும் பெற்றோர் முகம் சுருங்குகிறது. நான் அந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இன்றைக்கும் இந்த மாவட்டத்தில் தமிழ்மொழியில் இணைந்த கணிதம் ஒழுங்காக நடக்கிற பாடசாலைகளை விரல்விட்டு எண்ணலாம். 2012 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்து மலையகத் தமிழர் சுமார் ஒன்றரை இலட்சம் பேர். அத்தனை பேரின் பிள்ளைகளுக்கும் அந்த விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான். கணிதம் முடித்து ஒருவர் திரும்பி வந்தால், அடுத்த பத்து வருடத்தில் பொறியியலாளரும் ஆக்சுவரியும் அந்த வகுப்பிலிருந்து வருவார்கள்.

ஆகவே என் விடை இது. ஊவாத் தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை, கையில் காசோ முழுப் புலமைப்பரிசிலோ இல்லாவிட்டால், முதலில் அரச பல்கலைக்கழகத்தில் கணிதத்தைப் புள்ளிவிவரவியலோடு சேர்த்துப் படிக்கட்டும். நிகழ்தகவை அடியிலிருந்து படிக்கட்டும். இரண்டாம் வருடத்திலிருந்து ஆக்சுவரிப் பரீட்சை ஒன்றிரண்டை எழுதிப் பார்க்கட்டும். கணிதத்திலிருந்து ஆக்சுவரியலுக்குப் போகிற பாதை எந்த வயதிலும் திறந்திருக்கிறது. மறுபக்கமிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு. செலவு ஒரு காரணம்தான். நம் சனத்தைப் பற்றிய எண்கள் நெடுங்காலமாக வேறு யாருடையவோ அட்டவணையில் வைத்துக் கணிக்கப்பட்டு வருகின்றன. அந்த அட்டவணைக்குக் கீழே கையெழுத்துப் போடப்போகிற பிள்ளை, அது எங்கிருந்து வந்தது என்று கேட்க முதலில் பழகியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. கொழும்பில் படிக்கிற என் மாணவன் இதை ஏற்கவில்லை. கேள்வி கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், கையெழுத்துப் போடத்தான் நம்மில் ஆள் இல்லை என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவனுக்கு அங்கீகாரம் கிடைக்கிற நாளை நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கம் இப்போதும் நடக்கிறது. சந்தா 150 ரூபாய். மிச்சக் காசு பதுளை வங்கியில், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம். கொப்பியில் புதிதாக ஒரு நிரல் கிழித்திருக்கிறார்கள்: வயது. இருவரும் சேர்ந்து சொன்ன ஒரே யோசனை அது. வயது தெரியாமல் அடுத்த பத்து வருடத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இளசுகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, லயத்தில் மிஞ்சுவது முதியவர்கள் என்பதால் இன்னும் அவசரம்.

சித்திரை விடுமுறையில் மாணவி வீடு வீடாகப் போய் அந்த நிரலை நிரப்பினாள். பல வீடுகளில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதினாள். அட்டையில் இருப்பது சரியான வருடமில்லை என்று சில கிழவிகள் தாங்களே சொன்னார்கள். மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிற பாட்டிக்குப் பிறந்த வருடமே தெரியவில்லை. "ஒப்பந்தம் போட்டப்ப நான் இடுப்புல ஒக்காந்திருந்த புள்ள. எங்க பெரியப்பா வூட்டு ஆளுக எல்லாம் ஊருக்குக் கப்பலேறிப் போனதை அம்மா சொல்லும்" என்றாராம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில். இடுப்பில் உட்காருகிற பிள்ளைக்கு ஒரு வயது இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். அவள் பென்சிலால் 1963 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.